அந்தக் கயிறு எவ்ளோ நீளம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல வாயில்லா ஜீவனைப் பத்திதான். அதனால சமையல், சீரியல் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, பக்கத்து வீட்ல ஒரு லாப்ரடார் இருக்கு. எப்பவும் மொட்டை மாடியிலதான், சின்ன சங்கிலி, காலையிலயும் ராத்திரியும் சோறு வைக்கிறதோட சரி. மத்தியானம் அது ஊளையிடுறத கேட்டா எனக்கு சாப்பாடு இறங்கல. கேட்டா "நாங்க அடிக்கிறோமா, சோறு போடலயா"ன்னு சண்டைக்கு வராங்க. இது கொடுமைல சேருமா? – வாசகி, லாஸ்பேட்டை

பதில்: சேரும்மா, நல்லாவே சேரும். அடிச்சாதான் கொடுமைன்னு நம்ம ஆளுங்க நெனச்சிட்டு இருக்காங்க, ஆனா 1960ல வந்த மிருகவதை தடுப்புச் சட்டத்துல 11வது பிரிவ படிச்சுப் பாத்தா அடிக்கறது ஒரு வரிதான், ரொம்ப குட்டையான கயிறுலயோ ரொம்ப கனமான சங்கிலியிலயோ ரொம்ப நேரம் கட்டி வைக்கறது, போதுமான சோறு தண்ணி நெழல் குடுக்காம விடறது, வளத்துட்டு நடுத்தெருவுல விட்டுட்டுப் போறது எல்லாமே குத்தம்னு தனித்தனியா எழுதியிருக்கு. அதுலயும் நாய்க்குன்னே ஒரு வரி இருக்கு, எப்பவும் கட்டியே வச்சிருக்கற நாய வெளிய நடக்க விடாம இருந்தா அந்த ஓனர் பண்றது குத்தம். உங்க பக்கத்து வீட்டுக்காரர பாத்தே எழுதுன மாதிரி இருக்கில்ல.

இன்னொன்னு, லாப்ரடாரோட பூர்வீகம் கனடா பக்கம், ஐஸ் மாதிரி தண்ணியில மீனவங்களோட வலை இழுத்த இனம், அதுக்கு ரெண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு இரைச்சுதான் சூட்ட எறக்கணும். மே மாசம் பாண்டிச்சேரி மொட்டை மாடியில அது எவ்ளோதான் இரைக்கும் சொல்லுங்க? சிமெண்ட் தரையில வெறுங்காலோட மத்தியானம் ஒரு மணிக்கு ஒரே ஒரு நிமிஷம் நின்னு பாக்கச் சொல்லுங்க அவர.

முதல்ல சண்டை வேணாம். "அண்ணே, பகல்ல எங்க வீட்டு மாடிப்படி கீழ கட்டிக்கோங்க, சாயங்காலம் எங்க பையன் வாக்கிங் கூட்டிட்டுப் போவான்"னு கேட்டுப் பாருங்க, எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வீட்ல இது வேலை செஞ்சிருக்கு. நாய் தள்ளாடுது, எச்சி கெட்டியா ஒழுகுது, ஈறு செக்கச்செவேல்னு இருக்குன்னா அப்ப யார் நாய் என்னன்னு பாக்காதீங்க, நெழலுக்கு இழுத்துட்டு வந்து வயித்துலயும் காலுலயும் சாதா தண்ணி ஊத்துங்க, ஐஸ் தண்ணி வேணாம், ஊத்திட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். நம்ம பக்கத்துக்கு குரும்பாப்பேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. எதுக்கும் மசியலைன்னா உங்க மாடியில இருந்தே தேதியோட நாலு நாள் வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, புகார் குடுக்கும்போது அதான் பேசும்.

கேள்வி: எங்க தெருவுல மூணு நாய்க்கு யாரோ பிரியாணியில விஷம் வச்சிட்டாங்க. ஸ்டேஷன்ல போனா "நாய்க்கெல்லாம் கேஸா, ஐம்பது ரூபா ஃபைன் சார், விடுங்க"ன்னு சிரிக்கிறாங்க. நெஜமாவே அவ்ளோதானா? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இல்ல சார், அவங்க சொன்னது பாதிதான் உண்மை. அந்த 11வது பிரிவுல முதல் தடவை மாட்டினா 10 ரூபால இருந்து 50 ரூபா வரைக்கும்தான் அபராதம், 1960ல போட்ட தொகை இன்னும் அப்படியே கெடக்குது, ஒரு டீயும் வடையும் சாப்பிடுற காசு. எனக்கு இத எழுதும்போதே வயிறு எரியுது. 2014ல ஜல்லிக்கட்டு வழக்கு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டே இந்த தண்டனை பத்தாதுன்னு சொல்லிடுச்சு, அப்பயும் மாறல.

ஆனா விஷம் வச்சது வேற கணக்கு. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவுல (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 325வது பிரிவு, எந்த மிருகத்தையும் கொன்னாலோ விஷம் வச்சாலோ ஊனமாக்குனாலோ 5 வருஷம் வரைக்கும் ஜெயில். தெரு நாய், வீட்டு நாய்ன்னு பிரிக்கல. அதனால மனுவுலயே "பிரிவு 325"ன்னு எழுதிக் குடுங்க, ரசீது வாங்காம எந்திரிக்காதீங்க. செத்த நாய குழி தோண்டி பொதைக்கறதுக்கு முன்னாடி மாட்டாஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டம் கேளுங்க, விஷம்தான்னு பேப்பர்ல இல்லாட்டி கேஸ் நிக்காது. மிச்சமிருந்த சோத்த கவர்ல கட்டி எடுத்து வைங்க, வெறுங்கையால தொடாதீங்க.

கேள்வி: ஜோசியக்காரர்கிட்ட இருந்து ஒரு பச்சைக்கிளிய வாங்கிட்டு வந்து கூண்டுல வச்சிருக்கோம், பொண்ணுக்கு உசுரு. தப்பா? – வாசகி, வில்லியனூர்

பதில்: தப்புதான்மா. பச்சைக்கிளி வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல பாதுகாக்கப்பட்ட பறவை, வாங்கறதும் விக்கறதும் கூண்டுல வைக்கறதும் குத்தம், ஜெயில் வரைக்கும் போகும். அதுக்காக இன்னிக்கே கூண்டத் தெறந்து விட்டுடாதீங்க, ரெக்க வெட்டியிருப்பாங்க, காக்கா கொத்திப் போட்டுடும். வனத்துறைகிட்ட ஒப்படைங்க, பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: பால்காரர் கன்னுக்குட்டிய மாட்டுக்கிட்ட விடறதே இல்ல, ஊசி போட்டுதான் கறக்குறாரு. கேட்டா எல்லாரும் அப்படித்தான்கிறாரு. – வாசகி, நெல்லித்தோப்பு

பதில்: அந்த ஊசி ஆக்ஸிடோசின். கன்னு முட்டி சப்புனா மாட்டு உடம்புல தானா சுரந்து பால் எறங்கும், அந்த வேலைய ஊசி போட்டு வம்படியா பண்ண வைக்கறாங்க, தெனம் ரெண்டு வேளை. பால் சுரப்ப கூட்டறதுக்காக மாட்டு உடம்புக்குக் கெடுதலா எந்த ஊசி போட்டாலும் மேல சொன்ன மிருகவதை தடுப்புச் சட்டத்துல 12வது பிரிவு, இதுல 1,000 ரூபா வரைக்கும் அபராதமோ 2 வருஷம் வரைக்கும் ஜெயிலோ இல்ல ரெண்டுமோ உண்டு, போலீஸ் நேரா கேஸ் எடுக்கலாம். எங்க ஆயா ரெண்டு காம்பு கன்னுக்கு விட்டுட்டுதான் கறப்பாங்க. நீங்க பால்காரர மாத்துங்க, ஏன் மாத்துறீங்கன்னு அவர்கிட்டயே சொல்லிட்டு மாத்துங்க.

கேள்வி: மழைக்காலம் வருது. நாங்க தென்பெண்ணை கரையோரம், நாலு மாடு வச்சிருக்கோம். புயல் அன்னிக்கு அவுத்து விட்டா ஓடிடும், கட்டி வச்சா பயமா இருக்கு. என்ன பண்றது? – வாசகர், கடலூர் அருகே ஒரு கிராமம்

பதில்: இந்த கேள்விக்குதான் நான் ரொம்ப நேரம் உக்காந்து எழுதறேன், ஏன்னா இதுல எங்க வீட்டு தப்பும் இருக்கு. 2011 டிசம்பர் 30 விடிகாலை, தானே புயல். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்தத இன்னும் சொல்லி அழறாங்க எங்க பக்கம். அன்னிக்கு எங்க சித்தப்பா "மாடு வெளிய போனா அடிபட்டுடும்"னு கொட்டாயிலயே கட்டி வச்சிட்டு நாங்க எல்லாரும் மாடி வீட்டுக்குப் போயிட்டோம். காலையில வந்து பாத்தா கொட்டாய் எறங்கி கெடக்கு, செவல மாடு கட்டுத்தறியிலயே, கழுத்துக் கயிறு இறுகி. பக்கத்துல சும்மா மேய விட்டிருந்த ஆட்டுக்கு ஒன்னும் ஆகல, அது சுவரோரம் ஒண்டி நின்னுச்சு. சித்தப்பா பாசத்துலதான் கட்டுனாரு, அதான் எனக்கு இன்னும் ஆறல.

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் முடிஞ்சப்புறம் சாத்தனூர் டேம் தெறந்து தென்பெண்ணை ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள பூந்தப்பவும் இதே கததான். மாடு நல்லா நீந்தும் சார், கட்டி வச்சாதான் நீந்த முடியாது.

அதனால எச்சரிக்கை வந்த அன்னிக்கே, மழை வலுக்கறதுக்கு முன்னாடி, மேட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுங்க, கோயில் திடலோ ஸ்கூல் மேடோ எதுனாலும். தண்ணி ஏறுன பிறகு ஓட்டறது நடக்காது. அதுக்கும் நேரம் இல்லன்னா கயிற அவுத்து விட்டுடுங்க, காலையில தேடிக்கலாம், காதுல கம்மல் (அடையாள டேக்) இருந்தா யாரு மாடுன்னும் தெரிஞ்சுடும். ஷீட் கூரைக்குக் கீழயோ கரண்ட் கம்பிக்குக் கீழயோ நிறுத்தாதீங்க. நாலு நாளைக்கு வைக்கோல பரண் மேல ஏத்தி வைங்க, நனைஞ்சு பூஞ்ச பிடிச்சத போடக்கூடாது. அடிபட்டா 1962க்கு போன் பண்ணா நம்ம தமிழ்நாட்டுல கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இன்னிக்கு சாயங்காலமே ஒரு வேலை பண்ணுங்க. நாலு மாட்டு முடிச்சையும் போய் பாருங்க, இருட்டுல ஈரக் கையால ஒரே இழுப்புல அவுருதான்னு. அவுரலைன்னா முடிச்ச மாத்திப் போடுங்க, வீட்ல பொம்பளைங்க புள்ளைங்க எல்லாருக்கும் அத அவுக்க சொல்லிக் குடுங்க.