ஆறு பொருள், அடிவரை கோடு

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன், ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து விற்கிறேன். கடைக்கு ஐபோன் ஆப் ஒன்று செய்து வாங்கினேன். பட்டியலில் ஆறே பொருள். அதற்குக் கீழே திரையின் அடிவரை வெறும் கோடுகள். "மீதிச் சாமான் இன்னும் வரலையா?" என்று கேட்கிறார்கள். ஆப் செய்தவரோ, "ஐபோனில் அப்படித்தான் வரும். எடுக்கணும்னா திரையையே மாற்றி எழுதணும், 8,000 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் முதல் பாதி ஒரு காலத்தில் சரிதான். 2021இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வரும்வரை, அதன் சாதாரணப் பட்டியல், பொருள் தீர்ந்த பிறகும் மிச்ச இடத்தில் வெற்று வரிசைகளைக் காட்டிக் கோடு போட்டது. பழைய முறையில் செய்த ஆப்பில் இன்னும் அப்படி வரலாம். பற்று நோட்டில் பாதிப் பக்கம் எழுதினாலும் கீழே கோடு தெரியுமே, அதுபோல. ஆனால் இதை நிறுத்த ஒரு வரி நிரல் போதும். பட்டியலின் அடிப்பகுதியான 'டேபிள் ஃபூட்டர் வியூ'வில் ஒரு வெற்றுப் பெட்டியை, அதாவது 'யூஐவியூ'வை, வைத்துவிட்டால், கடைசிப் பொருளுக்குக் கீழே வெற்று வரிசைகள் வராது. இந்தப் பெயர்களை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். பேச்சின் தொனி மாறும்.

ஒன்றில் கவனம். சிலர் சோம்பல்பட்டு, கோடு போடும் அமைப்பான 'செப்பரேட்டர் ஸ்டைலை' மொத்தமாக அணைத்துவிடுவார்கள். அப்புறம் பொருள்களுக்கு நடுவே இருக்கும் கோடும் போய்விடும். தேன் விலை எது, சிப்ஸ் விலை எது என்று கண் தடுமாறும். ஒரே ஒரு வரிசைக்கு, அதாவது மேலே இருக்கும் தள்ளுபடி அறிவிப்புக்கு மட்டும், கோடு வேண்டாமென்றால் அந்த வரிசையின் 'செப்பரேட்டர் இன்செட்'டை, அதாவது கோட்டின் ஓர இடைவெளியை, மாற்றிக் கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளலாம். ஐபோன் ஒரு வரிசைக்கான பெட்டியையே ('செல்') மற்ற வரிசைகளுக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் என்பதால், மற்ற வரிசைகளுக்குப் பழைய அளவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும்போது முந்திரிக்கொத்தின் கோடும் காணாமல் போகும். திருத்திய ஆப்பை வாங்கும்போது நாலு முறை தள்ளிப் பாருங்கள்.

திருத்திய ஆப்பை ஆப் ஸ்டோர் மறுபடி சரிபார்க்கும். அந்த வேலைக்குச் சின்னக் கூலி கேட்டால் நியாயம். விலை மாற்றம், படம் மாற்றம் இருந்தால் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

முரண்டு பிடித்தால் எழுத்தில் கேளுங்கள். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போகலாம். ஒரு கோட்டுக்காக அந்தப் படி ஏற வேண்டியிருக்காது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள்.

அப்புறம், ஆப்பின் மூல நிரல் (அதை எழுதிய கோப்புகள்) உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தப் பேச்சோடு அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.