பர்லியார் மண்சரிவு: டிவி சொல்வதை நம்பலாமா?

தம்பி, மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைச்சாலையில் பர்லியார் பக்கம் மண்சரிவு, ‘குன்னூர் சாலை துண்டிப்பு’ என்று டிவியில் ஓடுகிறது, நண்பர்களோ பழைய வீடியோ என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

சேனல் பெயரை விடுங்கள், படத்தைப் பாருங்கள். மூலையில் பொடி எழுத்தில் ‘கோப்புக் காட்சி’, அதாவது பழைய படம், என்று இருக்கிறதா? 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த சரிவின் படமாகக்கூட இருக்கலாம். அப்புறம், நிருபர் நிற்பது பர்லியாரா, அதே சாலையில் உள்ள மரப்பாலமா என்று சொல்கிறாரா? ‘நீலகிரியில் நிலச்சரிவு’ என்று மொட்டையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான். ‘தகவல்கள் கூறுகின்றன’ என்றால் சொன்ன ஆள் யாருமில்லை. கலெக்டரோ நெடுஞ்சாலைத்துறையோ சொன்னதாக இருந்தால் பொருட்படுத்தலாம்.

ஆனால் படம் பழையது என்பதாலேயே சாலை திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது. உங்கள் நண்பர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நாளை மேட்டுப்பாளையம் இறங்குவதாக இருந்தால் 1077-க்குப் போன் போடுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண். மாற்றுப் பாதையான கோத்தகிரி வழியையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.