கப்பல் சுற்றுலாவில் போகிறவர்கள் ஸ்பெயினின் யாத்திரை ஊரான சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். நானும் அம்மாவும் அப்படித்தான் போய் வந்தோம்.

முதலில் ஒன்று: அந்த ஊரில் கடல் கிடையாது. கப்பல் நிற்பது ஆ கொருஞாவிலோ வீகோவிலோதான். நாங்கள் இறங்கிய ஆ கொருஞாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். வீகோ என்றால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போக, வர இரண்டுக்கும் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போதே துறைமுகத்துக்கு வந்துவிடுவது நல்லது; கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேராமல் சொந்தமாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

பேராலயத்தில் பகல் 12 மணிக்கு யாத்ரீகர்களுக்கான திருப்பலி. பதினொன்றுக்கே உள்ளே போனால் உட்கார இடம் கிடைக்கும். எட்டுப் பேர் கயிறு பிடித்து ஆட்டும் அந்த 53 கிலோ தூபக்கலசத்தை எல்லா நாளும் ஆட்டுவதில்லை. நாங்கள் போன அன்றும் ஆட்டவில்லை. மாஸ்டர் மத்தேயோ என்ற அந்தக் காலத்துச் சிற்பி செய்த சிற்ப வாசலும் பேராலயத்தில்தான் இருக்கிறது; அதற்குத் தனி டிக்கெட். 1188-ல் மேல் விட்டக் கல்லை ஏற்றிய வாசல் அது. நேரம் இருந்தால் விடாதீர்கள்.

இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக நம்பப்படும் திருத்தூதர் யாக்கோபுதான் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் சந்தியாகப்பர். போர்ச்சுக்கீசியர் காலத்தில் நம்மிடம் வந்த பெயர். பீடத்துக்குப் பின்னால் படியேறிப் போய் அவர் சிலையின் தோளைக் கட்டிக்கொள்வது வழக்கம். அம்மா கட்டிக்கொண்டு, "சந்தியாகப்பரே" என்று மட்டும் சொன்னார். வேறு பேச்சே வரவில்லை.

ஆனால் எனக்கு மனதில் நின்றது வெளியே இருக்கும் ஒப்ரதோய்ரோ சதுக்கம்தான். சந்தியாகப்பரின் கல்லறைக்கு யாத்திரையாக வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பையைத் தலைக்கு வைத்துக் கருங்கல் தரையில் படுத்தாள். பையில் தொங்கிய சிப்பி ஓடு, இந்த யாத்ரீகர்களின் அடையாளம், கல்லில் பட்டு டக்கென்றது. பூட்ஸைக் கழற்றினால் இரண்டு காலிலும் பிளாஸ்திரி, ஒரு விரலில் நகமே இல்லை. கோபுரத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டே சிரித்தாள். நடந்து வருகிறவர்கள் யாத்திரைச் சான்றிதழ் வாங்க 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். அவள் எங்கிருந்து நடந்தாளோ, கேட்க மனம் வரவில்லை.

அதனால் கடைகளைக் குறைத்துக்கொண்டு அந்தச் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வரிசையில் பையும் கோலுமாக யாராவது பின்னால் வந்தால் தயவுசெய்து முன்னே விடுங்கள். அப்புறம், குடை எடுத்துப் போங்கள். இந்த ஊர் இருக்கும் கலீசியாப் பகுதியில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.