ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்

வணக்கம் சார்,

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நர்சிங் முடித்து 2 வருடம் மன்னார்குடியில் வேலை பார்த்தேன். இப்போது ஜப்பானில் முதியோர் இல்லத்துப் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. ஜப்பானிய மொழிக்கான என்4 தேர்வும் பராமரிப்பு வேலைக்கான மற்றத் தேர்வுகளும் எழுதித் தேறிவிட்டேன். பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் மனப்பாடம், ஆனால் பழக்கவழக்கங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எங்கே குனிய வேண்டும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று 40 விதிகள் போட்ட புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். படித்தால் தலை சுற்றுகிறது. அப்பாவோ, "இங்க பாட்டிகிட்டயே உனக்குப் பதமாப் பேசத் தெரியாது, அங்க போய் என்ன பண்ணப்போற?" என்கிறார். 9 வருடம் அங்கே இருந்தவர் நீங்கள். எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

இன்னொன்று, பாட்டி கேட்கச் சொன்னார்கள்: அங்கே சோறு கிடைக்குமா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். செருப்பை வாசலில் விடுவது, பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் கொடுப்பது, இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய விதிகள். உங்களுக்கு எதற்கு?

உங்கள் வீட்டில் யாரும் வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள் இல்லையா? சொன்னால் பாட்டி வாயிலேயே போடுவார். "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஜப்பானில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சொல்லும் "இத்தே கிமாஸ்" என்பதற்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் அதுதான், போய் வருகிறேன். உள்ளே இருப்பவர் "போய்ட்டு வாங்க" என்பார். இலக்கணமும் இப்படித்தான். "தபெதே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். அந்த "மிரு" கண்ணால் பார்ப்பதற்கும் அதே சொல், நம் "பார்" மாதிரியே. "காய்தே ஒகு" என்றால் எழுதி வை. ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படிக்கிறவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இடம் இது. நமக்கு வாய்க்கால் தண்ணீர் மாதிரி தானாக ஓடும். அவர்களுடைய "கோரெ, சோரெ, அரெ" மூன்றும் இது, உது, அது. இதுவுக்கும் அதுவுக்கும் நடுவில் இருப்பதைச் சுட்டும் "உது" நாம் தொலைத்துவிட்டது, இலங்கைத் தமிழரிடம் இன்னும் இருக்கிறது.

இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல வருடம் வாதாடினார், நம் பொங்கலையும் அவர்களுடைய சின்னப் புத்தாண்டையும்கூட ஒப்பிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த உறவில் நம்பிக்கை இல்லை. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு உதவுகிறது, அது போதும்.

சரி, பயப்பட வேண்டிய இடம் எது? வரப்பில் நடக்கும்போது சேறு தெரிகிற இடத்தில் யாரும் விழுவதில்லை, பார்த்துக் கால் வைப்போம். புல் மூடி நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி தெரிகிற இடத்தில்தான் வழுக்கும். நான் விழுந்ததெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். அலுவலகத்தில் யாரும் இல்லை, போன் அடித்தது. எடுத்தேன். வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் துறைத் தலைவரைக் கேட்டார். தலைவர் பெயர் தனாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துப் பிள்ளை, பெரியவரை மரியாதை இல்லாமல் சொல்வேனா? "தனாகா-சான் அவர்கள் வெளியே சென்றிருக்கிறார்கள்" என்று, "சான்" முதல் எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் கொட்டி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். வைத்துவிட்டுத் திரும்பினால் சீனியர் அம்மா ஒருவர் கதவருகே நிற்கிறார், முகம் வெளுத்திருக்கிறது. அங்கே வெளியாரிடம் பேசும்போது நம் ஆட்கள் எல்லோரும் நம் வீட்டார். வீட்டாரைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும், அது முதலாளியே ஆனாலும். "சான்" போடாமல் வெறும் "தனாகா வெளியே போயிருக்கிறான்" என்கிற தோரணையில் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது, விருந்தாளியிடம் "எங்கள் அப்பா மகா பெரியவர்" என்று மார்தட்டியதற்குச் சமம். அவர்களுக்கும் மரியாதை உண்டு, நமக்கும் உண்டு. அது எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது என்பதில்தான் கோளாறு. (நம் ஊரில் போனை எடுத்து "நான் கணக்கு சார் பேசறேன்" என்று தனக்குத்தானே சார் போட்டுக்கொள்ளும் வாத்தியார்கள் அங்கே போனால் என்ன ஆவார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.)

உங்கள் வேலையில் இதற்கு இணையான வழுக்கல், கூப்பிடுவது. நமக்கு வயதானவர் யாரைப் பார்த்தாலும் தாத்தா, பாட்டி, அம்மாச்சி. பேர் சொல்வதுதான் மரியாதைக் குறைவு. அங்கே இல்லத்தில் இருப்பவரை நீங்கள் பாசமாக "ஒபாச்சான்" என்று கூப்பிட்டால், "நான் உனக்கு எப்போது பாட்டி ஆனேன்?" என்று அந்த அம்மாவுக்குத் தோன்றலாம். குழந்தையாக நடத்துவதாகவும் எடுத்துக்கொள்வார்கள். குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துச் சொல்லுங்கள். வாய் கூசும், போகப் போகப் பழகிவிடும்.

வேலை முடிந்து போகிறவரிடம், உழைப்புக்கு நன்றி என்கிற மாதிரி, "ஒத்ஸுகாரெசாமா" என்பீர்கள். "கொகுரோசாமா" என்று இன்னொன்றும் வகுப்பில் காதில் விழுந்திருக்கும். அது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது. மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். நம் பேனர்களில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று போடுகிறார்களே, அதே கணக்கு.

அப்புறம் "ஹாய்". ஆமாம் என்று படித்திருப்பீர்கள். நான் ஒன்றை விளக்க விளக்க எதிரில் இருந்தவர் ஹாய் ஹாய் என்றார், ஒப்புக்கொண்டார் என்று சந்தோஷமாக வீடு போனேன். மறுநாள் அவர் ஒன்றுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டி கதை சொல்லும்போது ம் கொட்டுவீர்களே, அந்த ம்தான் அது. ம் கொட்டியதால் ராஜகுமாரனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததாக ஆகாது. அதே போல "சொத்தோ" (கொஞ்சம்) என்று சொல்லி வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் பல்லிடுக்கில் காற்றை இழுத்தால், முடியாது என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி, பஜ்ஜியெல்லாம் சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்" என்று எழுந்தால் உங்கள் அப்பா என்றைக்காவது தபால்காரருக்காகக் காத்திருந்தாரா?

குச்சியால் சாப்பிடும்போது ஒன்றே ஒன்று. ஒரு மதியம் கேன்டீனில் பக்கத்தில் இருந்தவர் மீன் துண்டு ஒன்றைக் குச்சியில் எடுத்து என் தட்டுக்கு நீட்டினார். நான் பாதி வழியில் என் குச்சியால் வாங்கினேன். மேசையே அடங்கிவிட்டது. அவர் மெதுவாகத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, சாப்பாடு முடிந்த பிறகு தனியாக அழைத்துச் சொன்னார். அங்கே தகனம் முடிந்ததும் உறவினர்கள் குச்சிகளால் எலும்பு பொறுக்குவார்கள், ஒரே எலும்பை இருவர் சேர்ந்து பிடிப்பார்கள். கால் எலும்பில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு எதுவும் மாறுவது அப்போது மட்டும்தான். அவர் சொல்லச் சொல்ல, அப்பா இறந்த மறுநாள் காலை ஞாபகம் வந்தது. பால் தெளித்த சாம்பலில் கைவிட்டு எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டு, திருவையாற்றில் காவிரியில் கரைத்தேன். அதை அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னை விதிகள் சொல்லித்தர வேண்டிய வெளிநாட்டுக்காரனாக நடத்தவில்லை. தப்பு செய்தால் நேரே திட்டினார்.

வேலைக்காக வந்த வெளிநாட்டுக்காரர்கள் நம் ஊரிலும் இப்படித் திணறியிருக்கிறார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதித் தமிழ் படித்தார். பிறகு அவரும் கூட்டாளியும் நம் பழக்கங்களைப் பற்றி ஊராரிடம் கடிதத்தில் கேள்வி கேட்டார்கள். ஊரார் எழுதிய பதில்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. வாசகர் கடிதமும் பதிலும் நமக்கு 300 வருடப் பழக்கம்!

உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். இல்லத்தில் ஒரு வயதானவரிடம் வலிக்கிறதா என்று கேட்டால், "தாய்ஜோபு" என்பார். ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வேண்டாம் என்றும் அர்த்தம். பல சமயம் வலிக்கிறது என்றும் அர்த்தம். முழங்காலைப் பிடித்துக்கொண்டே "எனக்கு ஒண்ணும் இல்லடி, நீ போ" என்று சொல்கிற பாட்டியோடு வளர்ந்தவர் நீங்கள். முகத்தைப் பாருங்கள், கையை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஆனால் நம் ஊர் மாதிரி "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று சோற்றைத் திணிக்காதீர்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர் பலர் இருப்பார்கள்.

பாட்டியின் கேள்வி. சோறு மூன்று வேளையும் கிடைக்கும். அரிசி குட்டையாக, குண்டாக இருக்கும். சோறு ஒட்டிக்கொண்டு குழைவாக இருக்கும், பாட்டிக்குப் பல் இல்லாவிட்டால் மிகவும் பிடிக்கும். பொன்னி அரிசி மூட்டை கட்டித் தரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தானியம் கொண்டுபோனால் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். ரசப்பொடியை மட்டும் நாலு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.