கூறைப் புடவையில் துருக்கறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அம்மாவின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் கூறைப் புடவையை வரும் தை மாதம் என் திருமணத்தில் உடுத்த விரும்புகிறேன். பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, தோள் மடிப்பில் குத்திய ஊக்கு அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக் காசளவுக்குத் துரு படிந்திருக்கிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் போய்விடும் என்கிறார் அத்தை. அப்படிச் செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அத்தை சொல்வது வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு நல்ல வைத்தியம்தான். ஆனால் ஜரிகையுள்ள பட்டில் அதன் மூன்று பங்குமே கெடுதல் செய்யும். உப்பு பட்டால் ஜரிகையிலுள்ள வெள்ளி கறுக்கும், செம்பில் களிம்பு ஏறும். வெயில் சாயத்தை வெளுக்கச் செய்து பட்டு இழையையும் நலிவடையச் செய்யும். தேய்ப்பதோ எல்லாவற்றிலும் மோசம். ஈரமான பட்டு உலர்ந்த பட்டைவிட வலுக்குறைந்தது என்பதால், கறை போனாலும் அந்த இடம் பஞ்சு பறந்தாற்போல் வெளிறி நிற்கும்.

முதலில் அது துருதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வியர்வையும் மஞ்சளும் பழுப்பாகவே தெரியும். ஆனால் மஞ்சள் கறை சோப்பு நீர் பட்டதும் சிவக்கும், துரு எந்த மாற்றமும் காட்டாது. உங்கள் புடவையில் ஊக்கு இருந்த இடத்திலேயே கறை இருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. மணநாளின் வியர்வையிலுள்ள உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, அந்தத் துரு இழைக்குள் இறங்கியிருக்கிறது. அது தண்ணீரிலும் சோப்பிலும் கரையாது. டிரை கிளீனிங்கில் பயன்படுத்தும் கரைப்பான்கள் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பவை என்பதால் அவற்றாலும் கரையாது. இரும்பைப் பிடித்து இழுத்துக் கரைக்கக்கூடிய அமிலம் ஒன்றே வழி. வீட்டில் கையாளத்தக்கது சிட்ரிக் அமிலம். பட்டு காரத்துக்குத்தான் அதிகம் அஞ்சும், மென்மையான அமிலத்தை ஓரளவு தாங்கும்.

ஆனால் சாயம் தாங்குமா என்பது வேறு கேள்வி. புடவையின் உட்புறத்தில், கொசுவத்துக்குள் மறையும் ஓரிடத்தில், வெள்ளைப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். பஞ்சில் சிவப்பு இறங்கினால் அத்துடன் நிறுத்திவிட்டுப் பட்டு துவைப்பதில் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள். இறங்காவிட்டால் அதே இடத்தில் கீழே சொல்லும் அளவில் கரைத்த சிட்ரிக் அமிலக் கரைசலையும் சோதித்து, உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கரைசலுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் 100 மில்லியில் 2 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். அதிலேயே இரும்பு இருக்கக்கூடும். இரண்டு சோதனையிலும் தேறினால், கறைக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் கரைசலைக் கறையின் மேல் மட்டும் ஒற்றி, ஐந்து நிமிடம் கழித்து வெறும் நீரால் பலமுறை ஒற்றி எடுங்கள். கறை சிறிது வெளிறினால் மறுநாள் இன்னொரு முறை செய்யலாம். அமிலம் மிச்சமிருந்தால் நாளடைவில் இழையைக் கெடுக்கும் என்பதால், அலசுவதில் மட்டும் சிக்கனம் கூடாது. கறை ஜரிகையைத் தொட்டிருந்தால் வீட்டில் முயலவே வேண்டாம். அமிலம் பட்டு ஜரிகையின் நிறம் மாறினால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முழுவதும் போகாவிட்டால் வருந்தாதீர்கள். ஊக்கு குத்தும் இடம் தோள் மடிப்பில்தான் வரும். மடிப்பைச் சற்று மாற்றினால் உள்ளே போய்விடும். அதற்காகத் துருவை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. இரும்பு பட்டு இழையை மெல்ல மெல்ல அரித்து, கறை இருந்த இடத்தில் ஓட்டையே விழச் செய்யும். அம்மாவின் புடவை உங்களுக்குப் பிறகும் ஒருவர் உடுத்த வேண்டியதல்லவா?

கேள்வி: என் வெள்ளைத் திருமண கவுனில் இரும்பு ஹேங்கரின் துரு பட்டுவிட்டது. பாலியஸ்டர் நெட்டில் கல்லும் மணியும் ஒட்டிய வேலைப்பாடு. வெள்ளைத் துணிதானே என்று ப்ளீச்சிங் திரவம் போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. ப்ளீச்சிங் திரவம் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். துருவோ ஏற்கெனவே ஆக்சிஜனேறிய இரும்பு. ஆகவே அது கறையைக் கரைக்காது, இன்னும் ஆழமாகப் பதியவே வைக்கும். பாலியஸ்டர் சிட்ரிக் அமிலத்தை நன்றாகத் தாங்கும் என்பதால் மேலே சொன்ன முறையையே கையாளலாம். கற்களை ஒட்டிய பசை ஈரத்தில் நெகிழக்கூடும், ஆகவே துணியை ஊற வைக்காமல் ஒற்றி மட்டுமே எடுங்கள். கறை போவதற்கு முன் இஸ்திரி போடாதீர்கள். கடைகளில் விற்கும் துரு நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியும், அதற்குள் ஆழமான காயம் ஆகியிருக்கும். புட்டியின் மேல் அந்தப் பெயரையோ ஃபுளோரைடு என்ற சொல்லையோ கண்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: பட்டு ரவிக்கையின் கொக்கிகள் துருப்பிடித்துத் துணியில் இறங்காமல் இருக்க என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: தைக்கக் கொடுக்கும்போதே பித்தளைக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. உடுத்தியபின் ஊக்குகளை அன்றிரவே கழற்றிவிட்டு, ரவிக்கையை நிழலில் நன்றாக உலரவிட்டு, மல் துணியில் சுற்றி வையுங்கள். பீரோவின் இரும்புத் தட்டில் பெயிண்ட் உரிந்திருந்தால் அதன் மேல் தடித்த பருத்தித் துணியை விரித்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள்.