டிராவல் டிரெய்லர் சக்கர பேரிங்: எதை வாங்குவது, எப்போது கிரீஸ் மாற்றுவது?

அமெரிக்காவில் பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியில் கட்டி இழுத்துப் போகும் வீடு) வாங்கியிருக்கிறீர்கள், 3500 பவுண்டு ஆக்சில், எந்த பேரிங் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆக்சில்களில் பெரும்பாலும் உள்பக்கம் எல்68149, வெளிப்பக்கம் எல்44649 என்ற எண்ணுள்ள பேரிங் இருக்கும். ஆனாலும் ஹப்பை (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) கழற்றி, பேரிங்கில் பொறித்த எண்ணைப் படித்த பிறகே கடைக்குப் போங்கள். உருளைகளோடு வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த வளையத்தில் புது பேரிங் நிலைக்காது.

வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, பேரிங்கைக் கழுவி கிரீஸ் நிரப்ப வேண்டும். உருளை நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் உள்பக்க சீலும் புதிதாகவே இருக்கட்டும், விலை ஒன்றும் பெரிதில்லை.

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி இழுங்கள். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். கிரீஸ் கன்னால் கண்மண் தெரியாமல் அடித்தால் சீல் பிதுங்கி பிரேக் ஷூவெல்லாம் கிரீஸாகிவிடும் (நான் பட்டிருக்கிறேன்).

ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, நட்டு கழலாமல் பிடிக்கும் புது காட்டர் பின் போடுங்கள். முதல் பயணத்தில் 20 மைல் போனதும் நிறுத்தி ஹப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதைத்தான் மறுபடி கழற்ற வேண்டும்.