விட்டதைப் பிடிக்கும் கணக்கு: ஆன்லைன் பந்தயம் பற்றி வாசகர் கேள்விகள்

ஆன்லைன் பந்தயம் பற்றி வந்த கடிதங்களில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருக்கும் வயது வந்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். தடை உள்ள இடத்தில் ஆடி பணம் மாட்டிக்கொண்டால், நியாயம் கேட்கப் போவதற்கு வாசலே இருக்காது.

கேள்வி: இரண்டு அணிக்கும் 1.90 ஆட்ஸ் கொடுக்கும் போட்டிகளில் மட்டும் பந்தயம் கட்டுகிறேன். 40 போட்டியில் 21 சரியாகச் சொன்னேன். பாதிக்கு மேல் ஜெயித்தும் கணக்கில் பணம் குறைந்திருக்கிறதே?

ஆட்ஸ் என்பது ஜெயித்தால் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் முதலோடு சேர்த்துத் திரும்பி வரும் தொகை. 1.90 ஆட்ஸில் முதல் தேறவே நூற்றுக்கு 52.63 தடவை ஜெயிக்க வேண்டும். 1-ஐ 1.90-ஆல் வகுத்தால் இந்த எண் வரும். இரண்டு அணிக்கும் சேர்த்துக் கூட்டினால் 105.26. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 5.26-க்குள்தான் தளத்தின் பங்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகப் பணம் விழுந்தால், விழுகிற ஒவ்வொரு நூறிலும் 5 அவர்களுக்கு நிற்கும். இது ரசீதில் வராத கட்டணம்.

ஒரு பந்தயத்துக்குக் கட்டும் தொகையை ஒரு பங்கு என்று வைத்தால், உங்கள் 21 வெற்றிக்குத் திரும்பியது 21 × 1.90 = 39.9 பங்கு. போட்டது 40 பங்கு. ஆக, ஒரே தொகையைக் கட்டியிருந்தால் நஷ்டம் ஒரு பந்தயத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதைவிட அதிகம் போயிருந்தால் கணிப்பில் தப்பில்லை, தொகையில்தான் தப்பு. பழைய பந்தயப் பட்டியலை எடுத்து, தோற்ற 19-க்குக் கட்டிய சராசரியையும் ஜெயித்த 21-க்குக் கட்டிய சராசரியையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். தோற்ற பக்கம் பெரிதாக இருந்தால், அடுத்தடுத்து இரண்டு மூன்று தோற்றதும் தொகையை ஏற்றியிருப்பீர்கள். விட்டதைப் பிடிக்கப் போனால் கணக்கு இப்படித்தான் எழுதப்படும்.

இன்னொன்று. 40 பந்தயத்தை வைத்து யாருடைய திறமையையும் அளக்க முடியாது. நாணயத்தை 40 தடவை சுண்டினாலும் மூன்றில் இரண்டு முறைக்கு மேல் 17-இலிருந்து 23-க்குள் தலை விழும். 55 சதவீதம் ஜெயிப்பவரையும் நாணயம் சுண்டுபவரையும் பிரித்துச் சொல்ல ஏறக்குறைய ஆயிரம் பந்தயம் வேண்டும்.

கேள்வி: ஐந்து போட்டிகளைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டினால் சிறு தொகைக்குப் பெரிய பரிசு வருகிறது. அதுதானே லாபம்?

தளத்துக்கு லாபம். ஐந்தும் சரிபாதி வாய்ப்புள்ள போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் 1.90 என்று வையுங்கள். ஐந்தையும் பெருக்கினால் 24.76 வரும். நியாயமாக வர வேண்டியது 2-ஐ ஐந்து முறை பெருக்கிய 32. தனிப் பந்தயத்தில் நூற்றுக்கு 5 ஆக இருந்த கட்டணம் இங்கே 22.6 ஆகிவிடுகிறது. தளங்கள் முகப்பிலேயே இதைப் பளபளவென்று வைப்பதற்கும் "ஐந்தில் ஒன்று தவறினால் பணம் வாபஸ்" என்று ஆசை காட்டுவதற்கும் காரணம் இதுதான். அந்த வாபஸும் பெரும்பாலும் எடுக்கக்கூடிய பணமாக வராது, போனஸாகத்தான் வரும்.

கேள்வி: 1,000 போட்டால் 1,000 போனஸ் என்கிறார்கள். வாங்கிக்கொண்டு எடுத்துவிட முடியாதா?

நிபந்தனைப் பக்கத்தில் "30 மடங்கு" போன்ற ஓர் எண் இருக்கும். அது எதன் மேல் 30 மடங்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போனஸ் மேல் மட்டும் என்றால் பணத்தை எடுக்கும் முன் 30,000-க்கு ஆட வேண்டும். போட்ட பணமும் போனஸும் சேர்த்து என்றால் 60,000. ஸ்லாட் எனும் சுழல் இயந்திர ஆட்டத்தில் ஆர்.டி.பி. (கட்டும் பணத்தில் ஆடுபவர்களுக்குத் திரும்பி வரும் பங்கு) 96 சதவீதம் என்றால் ஆடும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 4 போகும். 30,000-க்கு 1,200, அதாவது கிடைத்த போனஸைவிட அதிகம். 60,000-க்கு 2,400, கையில் இருக்கும் மொத்தப் பணத்தைவிட அதிகம். நிபந்தனை முடிவதற்குள் பெரும்பாலோர் காலியாகிவிடுவது துரதிர்ஷ்டத்தால் அல்ல. ஏற்பாடே அப்படித்தான்.

இதற்கு மேல் நான்கு கண்ணிகள். ஒரு சுற்றில் இத்தனைக்கு மேல் கட்டக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கும். ஒரே ஒரு தடவை மீறினாலும் ஜெயித்தது முழுதும் ரத்து. பிளாக்ஜாக் போன்ற சீட்டாட்டங்களில் கட்டும் தொகையில் 10 சதவீதம் மட்டுமே கணக்கில் சேரலாம், சில இடங்களில் அதுவும் சேராது. விளையாட்டுப் பந்தயம் என்றால் குறைந்தபட்ச ஆட்ஸ் ஒன்று சொல்லியிருப்பார்கள், அதற்குக் கீழே கட்டியது எண்ணிக்கையில் வராது. நாள் கெடு தாண்டினால் போனஸோடு அதில் வந்த லாபமும் போகும். பணம் போடும் பக்கத்தில் "போனஸ் வேண்டாம்" என்ற கட்டம் எங்கேயாவது இருக்கும், தேடி டிக் செய்யுங்கள். போனஸ் இல்லாத பணத்துக்கு இந்தக் கட்டுகள் கிடையாது.

ஆர்.டி.பி. என்ற எண் லட்சக்கணக்கான சுற்றுகளுக்கு மேல் வரும் சராசரி. "ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இனி கொடுக்கும்" என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒவ்வொரு சுற்றும் புதிதாகத் தீர்மானமாகிறது. பயனுள்ள அளவு வேண்டுமென்றால் மணிக்கணக்கில் கட்டணம் போட்டுப் பாருங்கள். 6 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600. சுற்றுக்கு 10 கட்டினால் 600 × 10 × 4 சதவீதம் = மணிக்கு 240. ரூலெட் என்பது சிவப்பு, கருப்பு எண்கள் உள்ள சக்கரத்தில் பந்து உருளும் ஆட்டம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் கட்டணம் 2.7 சதவீதம். மணிக்கு 40 சுற்று என்றால் அதே 10-க்குச் செலவு 11-ஐத் தொடாது. வேகம்தான் பணத்தைத் தின்கிறது. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் வந்தால் கட்டணம் 5.26 ஆகிறது. அதே ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரட்டை விலை, உட்கார வேண்டாம்.

கேள்வி: தோற்றால் இரட்டிப்பாக்கு, ஜெயித்ததும் பழைய தொகைக்கு வா. இந்த முறையில் தோற்கவே முடியாது என்கிறானே என் நண்பன்?

நண்பரிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். 100, 200, 400 என்று போனால் பத்தாவது பந்தயம் 51,200. பத்தும் தோற்றால் மொத்தம் போனது 1,02,300. பதினொன்றாவதாக 1,02,400 கட்ட வேண்டும், அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்துவிடும். அதையும் கட்டி ஜெயித்தாலும் கடைசியில் லாபம் 100 மட்டும்.

ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் சிவப்பின் மேல் கட்டி வரிசையாகப் பத்து தோற்க வாய்ப்பு ஏறத்தாழ 784-இல் ஒன்று. 783 தடவை 100 சம்பாதித்தால் 78,300 வரும். 784-ஆவது தடவை 1,02,300 போகும். பல வாரம் தினமும் சிறு லாபம் வருவதால் முறை பலிப்பதுபோலவே தெரியும், அதுதான் இதில் ஆபத்து. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் கருப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. "இனி சிவப்புதான்" என்று தொகையை ஏற்றிக்கொண்டே போனவர்கள்தான் அன்று அதிகம் இழந்தார்கள்.

கேள்வி: சரி, ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு கட்டுவது?

முதலில் தொலைந்தாலும் வீட்டுச் செலவு பாதிக்காத ஒரு தொகையைத் தனி வாலெட்டில் போடுங்கள். ஒரு பந்தயத்துக்கு அதில் 1 சதவீதம், மிஞ்சினால் 2.

1956-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி ஒரு சூத்திரம் தந்தார். வாய்ப்பை ஆட்ஸால் பெருக்கி 1-ஐக் கழித்து, வருவதை ஆட்ஸில் 1 குறைத்த எண்ணால் வகுக்க வேண்டும். ஆட்ஸ் 1.90, உங்கள் கணிப்பு 55 சதவீதம் என்றால் கையிருப்பில் 5 சதவீதம் கட்டலாம் என்று விடை வரும். உண்மை வாய்ப்பு 53 சதவீதம் என்றால் விடை 0.8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டு சதவீதக் கணிப்புப் பிழை உங்களை ஆறு மடங்கு அதிகம் கட்ட வைக்கிறது. ஆகவே தெரிந்தவர்கள் சூத்திரம் சொல்வதில் பாதி அல்லது கால் பங்குதான் கட்டுவார்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் கட்டாதே என்று பொருள். நேர்மையாகக் கணக்குப் போட்டால் பெரும்பாலான பந்தயங்களுக்கு அந்த விடைதான் வரும்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் ஐந்து போட்டி முடிவுகளை முன்கூட்டியே எனக்குச் சரியாக அனுப்பினார். ஆறாவதுக்குப் பணம் கேட்கிறார். நம்பலாமா?

அவர் 1,024 பேருக்கு அனுப்பியிருப்பார். பாதிப் பேருக்கு ஒரு அணி, மீதிப் பேருக்கு மற்ற அணி. தவறிய பாதியை விட்டுவிட்டு அடுத்த போட்டிக்கும் இதே வேலை. ஐந்து போட்டி முடிந்ததும் 32 பேருக்கு அவர் தீர்க்கதரிசி. அந்த 32-இல் நீங்கள் ஒருவர். கட்டணமே வாங்காமல் "இந்த லிங்க் வழியாகச் சேருங்கள்" என்பவர்களும் உண்டு. நீங்கள் இழக்கும் தொகையில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷனாகப் போகும் ஒப்பந்தங்கள் இந்தத் தொழிலில் சகஜம்.

கேள்வி: ஜெயித்த பணத்தை எடுக்க விண்ணப்பித்தால், "முதலில் வரி கட்டுங்கள், பிறகு விடுவிக்கிறோம்" என்கிறார்கள்.

ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள். நேர்மையான தளம் எதையாவது பிடிக்க வேண்டுமென்றால் உங்கள் இருப்பிலேயே பிடித்துக்கொள்ளும், பணத்தை விடுவிக்கப் புதிதாகப் பணம் கேட்காது. நீங்கள் திரையில் பார்க்கும் அந்த இருப்பு, யாரோ தட்டி வைத்த வெறும் எண். இன்றே ஸ்கிரீன்ஷாட்டுகள், பணம் அனுப்பிய ரசீது எண்கள், உரையாடல்கள் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு, வங்கிக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் எழுதுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும். அடுத்த மாதம் "இழந்ததை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு அழைப்பு வரலாம். ஏமாந்தவர்கள் பட்டியல் கைமாறும், அதுவும் அதே வலைதான்.

உரிமம் பெற்ற தளத்திலும் பணம் தாமதமாகலாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: கணக்கில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் எழுத்து மாறியிருக்கும், மனைவியின் கார்டில் பணம் போட்டிருப்பார்கள், போனஸ் நிபந்தனை முடிந்திருக்காது, அடையாளச் சான்று சரிபார்த்திருக்க மாட்டார்கள். கணக்குத் தொடங்கிய அன்றே சான்றுகளைக் கொடுத்துவிட்டு, சிறு தொகை போட்டு, எடுத்தும் பாருங்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் உரிம முத்திரையை அழுத்திப் பார்ப்பது சோதனையாகாது. உரிமம் கொடுத்த அமைப்பின் சொந்தத் தளத்துக்குப் போய் அந்த எண்ணைத் தேட வேண்டும். "எடுப்பதை ரத்து செய்" என்ற பொத்தானை மட்டும் தொடாதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் மனம் மாறட்டும் என்றே அது அங்கே இருக்கிறது.

கேள்வி: ஆட்டம் நடக்கும்போதே கேஷ் அவுட் செய்வது புத்திசாலித்தனமா?

பெரும்பாலும் இல்லை. கேஷ் அவுட் என்பது ஆட்டம் முடியும் முன்பே தளம் சொல்லும் தொகையை வாங்கிக்கொண்டு பந்தயத்தை முடிப்பது. 3.00 ஆட்ஸில் 100 கட்டியிருக்கிறீர்கள், இப்போது ஜெயிக்கும் வாய்ப்பு 65 சதவீதம் என்றால் அந்தச் சீட்டின் மதிப்பு 195. தளம் 180 கொடுக்கும். முதலில் ஒரு தடவை கொடுத்த கட்டணத்தை இரண்டாவது தடவை கொடுக்கிறீர்கள். நேரலையில் கட்டுவதிலும் நீங்கள் பின்தங்கியவர்தான். உங்கள் திரைக்குப் படம் சில விநாடி தாமதமாக வருகிறது, அவர்களுக்கு மைதானத்திலிருந்தே தகவல் வந்துவிடும்.

கேள்வி: வாழ்நாளில் சீட்டைக்கூடத் தொடாத என் அப்பா, பார்க்கின்சன் நோய்க்கு மருந்து ஆரம்பித்த பிறகு இரவெல்லாம் போனில் பந்தயம் கட்டுகிறார். வயதான காலத்தில் ஏன் இப்படி?

அவரைத் திட்டாதீர்கள், மருந்துச் சீட்டைப் பாருங்கள். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற செலவு, மிதமிஞ்சிய பாலுணர்வு ஆகியவற்றைத் தூண்டும். இது மருத்துவ உலகில் நன்கு பதிவான பக்கவிளைவு. தானாக மருந்தை நிறுத்தக் கூடாது, திடீரென நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தருவார். கூச்சப்பட்டு மறைப்பதால்தான் பல வீடுகளில் இது தெரியாமலே போகிறது.

கேள்வி: என் கணவர் கடன் வாங்கி ஆடியது இப்போதுதான் தெரிந்தது. "இந்த ஒரு தடவை அடைத்துவிடு, இனி தொடமாட்டேன்" என்கிறார். நகையை விற்று அடைக்கட்டுமா?

உடனே வேண்டாம். கடன் ஒரே நாளில் தீர்ந்தால் கை மறுபடி காலியாகிறது, கடன் செயலிகளும் மறுபடி கொடுக்கத் தயாராக இருக்கும். முதலில் மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள்: யாரிடம், எவ்வளவு, வட்டி, தவணை நாள். முதல் தாளில் முழுத் தொகை வராது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடன் வெளியே வந்தால் இடிந்து போகாதீர்கள், அந்தத் தாளிலேயே சேர்த்து எழுதுங்கள்.

அதே நாளில் வழிகளை அடையுங்கள். அவர் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தளத்திலும் சுயவிலக்கு, அதாவது தன்னை இனி ஆட விடாதீர்கள் என்று, கோர வேண்டும். செயலியை நீக்குவது மட்டும் போதாது, கணக்கு உயிரோடு இருக்கும். சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் செயலிகள் உண்டு: பெட்பிளாக்கர் இலவசம், கேம்பன் கட்டணம் உள்ளது. இரண்டில் ஒன்றை வீட்டில் இருக்கும் எல்லா போனிலும் கணினியிலும் போடுங்கள், ஒன்று விடுபட்டால் அதில்தான் ஆட்டம் தொடரும். சூதாட்டப் பரிவர்த்தனையைத் தடுக்கும் வசதி உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்கள். சம்பளம் விழும் கணக்கை அவர் சம்மதத்தோடு நீங்கள் கவனியுங்கள். அவர் கையில் அன்றாடச் செலவுக்கு மட்டும். கடன்காரர்களிடம் தவணை கேட்டுப் பேசுவதை அவரே செய்ய வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம்.

சூதாட்டக் கோளாறு உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ளது. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். 1957-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் குழுக்கள் பல நாடுகளில் கூடுகின்றன, இணைய வழிக் கூட்டங்களும் உண்டு. கடன் வெளியே தெரிந்த முதல் நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது இந்தக் கோளாறில் அதிகம். பேச்சில் அதன் சாயல் தெரிந்தால் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு. கடன் தாள் அதுவரை மேசையிலேயே கிடக்கட்டும்.